எங்கள் வீட்டு கேஸ் செலவைப் பாதியாகக் குறைத்தவர்களுக்கு நன்றி

தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எல்லோருக்கும் வணக்கம்.

நேரில் ஒவ்வொருவரிடமும் நன்றி சொல்லிப் பார்த்துவிட்டேன். "அட போம்மா, இதுக்கெல்லாமா நன்றி" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள், அதனால்தான் இந்த மடல். பேர் போடக்கூடாது என்று பாதிப் பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், மீதிப் பேரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, ஆகவே யார் பேரும் இதில் இருக்காது. படித்தால் அவரவருக்குத் தெரியும். படிக்காதவர்களுக்கு யாராவது படித்துக் காட்டுங்கள், ஏனென்றால் இதில் இருக்கிற முக்கியமான ஆட்களில் சிலருக்குத் தமிழ் பேச்சு கொஞ்சம் வரும், எழுத்து வராது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025-ல் இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். சமையலறையில் நாலு பர்னர் கேஸ் அடுப்பு ஏற்கெனவே பொருத்தியிருந்தது, வெளிச்சுவரை ஒட்டிக் கம்பிக்கூண்டில் சிலிண்டர். 2023-ல் லோட்ஷெடிங்கில், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்தியதில், பட்டவர்கள் யாராக இருந்தாலும் அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டிருப்பார்கள், நாங்களும் பட்டோம். ஆனால் பழைய வீட்டில் ஒரு மாதம் தாராளமாக வந்த 9 கிலோ சிலிண்டர் இங்கே பாதி மாதத்தைத் தாண்ட மாட்டேன் என்றது. அதே அரிசி, அதே பருப்பு, அதே ஆட்கள். கேஸ் நாற்றமும் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரிடம் சொன்னால் "முன்னாடி இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே" என்றார். அதே சமயத்தில் கரண்டுக்கும் காசு பறந்துகொண்டிருந்தது. 2023-ல் அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு, கட்டணத்தை முடிவு செய்யும் நெர்சா அனுமதித்த உயர்வு 18.65 சதவீதம், அதற்கடுத்த வருஷம் 12.74, அதற்கும் அடுத்த வருஷம் மறுபடியும் 12.74. மாநகராட்சிகள் அதை ஜூலை முதல் தேதி நம் தலையில் இறக்கும், அதாவது இங்கே சரியாக நடுக்குளிரில், சுடுதண்ணீர் அதிகம் தேவைப்படும் நேரத்தில். ஆக, ப்ரீபெய்ட் கரண்டுக்கு டோக்கன் வாங்கினால் கேஸுக்குக் காசில்லை, கேஸ் வாங்கினால் டோக்கனுக்குக் காசில்லை.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அவர் ஐந்தாம் தலைமுறை. கரும்புக்காட்டுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வழி. தமிழில் பாதி இங்கிலீஷ் கலந்து வரும், ஆனால் ஆடி மாதக் கஞ்சிப் பூஜையை என்னைவிடப் பத்து மடங்கு சுத்தமாகச் செய்வார். அந்தக் கஞ்சிக்காக என் பெரிய அலுமினிய டேக்சாவைக் கேட்க வந்தவர், அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கக் கரி. ஒரு விரலால் தேய்த்து என் மூக்குக்கு நேராக நீட்டி, "வெறகுல சமைச்சா இப்படி வரலாம், கேஸ்ல ஏன் வருது?" என்றார். பர்னரைப் பற்றவைக்கச் சொல்லிப் பார்த்தார். தீ நீலமாக நின்று எரியாமல் மஞ்சளாக நீண்டு ஆடியது. பர்னர் ஓட்டையில் கஞ்சித்தண்ணி பொங்கி அடைத்திருக்கும் என்று இருவரும் உட்கார்ந்து ஊசியால் குத்திக் கழுவினோம். கழுவியும் மஞ்சள்தான். "இது நம்ம கையில இல்ல, தம்பியக் கூப்பிடு" என்று அவரே போன் போட்டார்.

அந்தத் தம்பி அக்காவின் நாத்தனார் மகன், பதிவு பெற்ற கேஸ் ஃபிட்டர். இந்த மடலில் பாதி இவருக்குத்தான் சேரும். வேலை முடிந்து சாயங்காலம் வந்தார், களைத்துப்போய் இருந்தார், டீ வேண்டாம் என்றார், நேராகக் கூண்டுக்குப் போனார். பாத்திரம் கழுவும் சோப்பை நுரைத்து ரெகுலேட்டர், ட்யூப், ஒவ்வொரு இணைப்பிலும் பூசி உற்றுப் பார்த்தார். எங்கேயும் குமிழி வரவில்லை. அப்புறம் U வடிவத்தில் வளைந்த ஒரு கண்ணாடிக்குழாயில் தண்ணீர் ஊற்றி லைனில் மாட்டினார். இங்கே வீட்டு அடுப்புக்கு வரவேண்டிய அழுத்தம் 2.8 கிலோபாஸ்கல், அப்படியென்றால் குழாயின் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் கிட்டத்தட்ட 28 சென்டிமீட்டர் வித்தியாசம் நிற்க வேண்டும். நின்றது. சிலிண்டரை மூடிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர் அசையவில்லை. "அக்கா, லீக் இல்ல. கேஸ் எல்லாம் அடுப்பு வழியாத்தான் போகுது" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. லீக் இல்லையென்றால் நான்தான் அவ்வளவையும் எரிக்கிறேன் என்றல்லவா அர்த்தம்?

அவர் பர்னர் மூடியை எடுத்துவிட்டு உள்ளே ஒரு சின்ன ஸ்பேனரை விட்டுத் திருகி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பித்தளைத் துண்டை வெளியே எடுத்தார். ஜெட். கேஸ் இதன் நடுவில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் பர்னருக்குள் பீய்ச்சுகிறது. அதன் மேல் 97 என்று பொறித்திருந்தது, அதாவது ஓட்டையின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் 97 பங்கு. சிலிண்டர் கேஸுக்கு அந்த அளவு பர்னரில் இருக்க வேண்டியது 65. இரண்டையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார், கண்ணுக்கே வித்தியாசம் தெரிகிறது. விட்டம் அவ்வளவு கூடினால் ஓட்டையின் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல், வெளியே வரும் கேஸும் அதே கணக்கில் கூடும்.

எப்படி அப்படி ஆனது என்றால், அடுப்பு ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வீட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்ததாம். அங்கே சில பழைய பகுதிகளில் தெருவுக்கு அடியிலேயே குழாயில் கேஸ் வருகிறது, மொசாம்பிக்கிலிருந்து 2004 முதல் வரும் இயற்கை எரிவாயு. அது மீத்தேன். ஒரே கன அளவை எடுத்தால் நம் சிலிண்டர் கேஸில் அதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம் இருக்கிறது, அதனால் மீத்தேனுக்கு ஜெட் ஓட்டை பெரிதாக வேண்டும். அந்தப் பெரிய ஓட்டையில் சிலிண்டர் கேஸை விட்டால் அடுப்பு தேவைக்கு மேல் குடிக்கும், எரிவதற்குக் காற்று போதாது, தீ மஞ்சளாகும், கரி படியும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் வரும் என்றார் தம்பி, அதற்கு மணமே கிடையாதாம். குளிருக்காக ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்த நாட்களில் மாமியாருக்குத் தலைவலி வந்ததை நாங்கள் குளிர்காற்று என்று நினைத்து நொச்சி இலை தேடிக்கொண்டிருந்தோம். அன்று இரவே ஜன்னல் திறந்தது, அடுப்புக்கு விடுமுறை. ஜெட் செட் வாங்கி மாட்டும்வரை அக்கா வீட்டிலிருந்துதான் சாப்பாடு, அதற்கு இன்னொரு நன்றி, அந்த பீன்ஸ் கறிக்குத் தனியாக ஒன்று.

நாலு பர்னருக்கும் ஜெட் மாற்றி, காற்றுத் துவாரத்தைச் சரிசெய்து, பற்றவைத்தபோது தீ குட்டையாக, நீலமாக, சத்தமில்லாமல் நின்றது. பார்க்க ஏதோ கம்மியாக எரிகிற மாதிரிதான் இருந்தது, ஆனால் தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரம் கொதித்தது. தம்பி கூலி வாங்க மறுத்தார், சான்றிதழுக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டார். 2009 அக்டோபரிலிருந்து இந்த நாட்டில் கேஸ் பொருத்திய வீட்டுக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம், வாடகைக்குப் போகிறவர்கள் சாவி வாங்குவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டுக்காரர் சான்றிதழ் செலவைக் கடைசியில் வாடகையில் கழித்துக்கொண்டார். அவருக்கும் ஒரு நன்றி, கொஞ்சம் சின்ன நன்றி.

அடுத்தது காய்கறிக்கடை அங்கிள். ஜெட் மாற்றியும் சிலிண்டர் நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்று அவர் கடையில் புலம்பியபோது, "தூக்கிட்டு வா, நிறுத்துப் பார்ப்போம்" என்றார். உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கிற தராசில் புதுசாக நிரப்பிய சிலிண்டரை ஏற்றினோம். சிலிண்டரின் தோள்பட்டையில் அதன் காலி எடை பொறித்திருக்கும், பெயிண்ட் மறைத்திருந்தால் நகத்தால் சுரண்டினால் தெரியும். மொத்த எடையில் அதைக் கழித்தால் 9 கிலோ வரவேண்டும். எங்களுடையதில் ஒன்றரை கிலோ குறைவு. கடையின் பேரைச் சொல்ல மாட்டேன், சண்டை போட எனக்கு நேரமில்லை. அங்கிள் மட்டும் கணவரோடு அங்கே போய், ஒரு வார்த்தை கோபமாகப் பேசாமல், "எங்க கண்ணு முன்னாடி தராசுல வச்சு நிரப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். நிரப்பினார்கள், சரியாக 9 இருந்தது. இப்போது வேறு இடத்தில்தான் நிரப்புகிறோம், அங்கேயும் நிறுத்துத்தான் வாங்குகிறோம்.

கேஸ் விலை ஏன் மாதாமாதம் ஆடுகிறது என்பதும் எனக்கு அங்கிள் சொல்லித்தான் தெரியும். சில்லறை விலையின் உச்சவரம்பை அரசாங்கம் ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாற்றுகிறது. டர்பனிலேயே சிலிண்டர் கேஸும் தரும் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தன, வென்ட்வர்த்தில் இருந்த எஞ்சன் ஆலை 2020 டிசம்பரில் தீப்பிடித்தபின் மறுபடி ஓடவில்லை, சாப்ரெஃப் 2022-ல் நின்றது. இப்போது ரிச்சர்ட்ஸ் பே போன்ற துறைமுகங்களில் கப்பலில் வந்து இறங்குகிற கேஸை நம்பியிருக்கிறோம், எனவே டாலர் தும்மினால் நம் அடுப்புக்குச் சளி பிடிக்கும். மாதத்தின் முதல் வாரம் விலை இறங்குமா ஏறுமா என்று செய்தியைப் பார்த்துவிட்டு நிரப்பச் சொன்னார், அதையும் செய்கிறோம்.

கரண்டு பக்கம் எங்களைக் காப்பாற்றியது கோயிலில் பழக்கமான தாத்தா. எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் கணக்காகத்தான் சொல்வார். கீசர் 150 லிட்டர், தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 7 யூனிட் ஆகும் என்று என் மகனின் நோட்டுப் புத்தகத்திலேயே போட்டுக் காட்டினார், அவனுக்கும் பாடமாச்சு. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து கீசரை மட்டும் விட்டால், யாரும் குளிக்காத நேரத்திலும் மீட்டர் விளக்கு அடிக்கடி வேகமாக மினுக்கியது. அவர் வீட்டைச் சுற்றி வந்து, பின்சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த செம்புக்குழாயைத் தொட்டார். சூடு. கீசரின் பாதுகாப்பு வால்வு பழுதாகி, காசு கொடுத்துச் சுடவைத்த தண்ணீர் செடிகளுக்குள் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த இடத்துக் கீரை மட்டும் ஏன் அவ்வளவு செழிப்பு என்று மாமியார் ஆச்சரியப்பட்டதுண்டு! வால்வை மாற்றி, கீசருக்குப் போர்வை சுற்றி, 70-ல் இருந்த தெர்மோஸ்டாட்டை 60-க்கு இறக்கினோம். அதற்குக் கீழே ரொம்பவும் இறக்காதே, தண்ணீரில் கிருமி வளரும் என்று தாத்தா சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

என் கணவரோடு வேலை செய்யும் ஜூலு சகோதரி தன்னுடைய வண்டர்பேக்கை இரவலாகக் கொடுத்தார், திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மாட்டேன் என்கிறார். தெரியாதவர்களுக்கு: உள்ளே நுரைத்துகள் அடைத்த தடித்த துணிப்பை, 2008-ல் இந்த மாகாணத்திலேயே உருவானது. பருப்பையோ பீன்ஸையோ அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பாத்திரத்தோடு பைக்குள் வைத்துக் கட்டிவிட்டால் சில மணி நேரத்தில் தானாக வெந்துவிடும். சிவப்பு பீன்ஸாக இருந்தால் முதலில் பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும், அதில் சமரசம் கூடாது. ஜூலைக் குளிரில் இட்லி மாவைப் புளிக்கவைக்கவும் அதே பையைத்தான் பயன்படுத்துகிறேன், சகோதரியிடம் சொன்னபோது சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. சிஸி, ங்கியாபோங்கா (அக்கா, நன்றி).

மாநகராட்சிக் கவுண்டரில் இருந்த அந்தப் பெண்ணையும் மறக்கவில்லை. ப்ரீபெய்ட் மீட்டர்களை எல்லாம் 2024 நவம்பர் 24-க்குள் புதுப்பிக்க வேண்டியிருந்தது, வீடு கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்ததால் எங்கள் மீட்டர் புதுப்பிக்கப்படாமல் இருந்து, நாங்கள் வாங்கிய டோக்கனையெல்லாம் தள்ளியது. இருபது இலக்க எண்கள் இரண்டைக் கொடுத்து, எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தபோதும் பொறுமையாகச் சொன்னார். எங்கள் தெருவில் ஓய்வூதியத்தில் தனியாக வாழும் ஆயாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட் இலவசமாகத் தரும் தேசியத் திட்டம் இருக்கிறது, விண்ணப்பம் போடச் சொல்லுங்கள் என்று அவராகவே படிவத்தையும் எடுத்துக் கொடுத்தார். ஆயாவின் விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் வரவில்லை.

இப்போது சிலிண்டர் பழையபடி ஒரு மாதம் வருகிறது. கரண்டு இன்னும் விலைதான், அதை யாரும் ஒன்றும் செய்யமுடியாது, ஆனால் மாதக் கடைசியில் கடன் வாங்குவது நின்றிருக்கிறது.

கேஸ் தம்பியின் நம்பரைக் கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். பொதுவில் போடவேண்டாம் என்கிறார், எனக்குத் தனியாக எழுதுங்கள், தருகிறேன். சாயங்காலம் ஐந்துக்கு மேல் கூப்பிடுங்கள், அடுப்பை அணைத்து ஒரு பர்னரின் படத்தையும், எரியும்போது தீயின் படத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டால் அவருக்கு ஒரு நடை மிச்சம். கூலி வேண்டாம் என்பார், கேட்காதீர்கள், கையில் திணித்துவிடுங்கள்.