பெருந்துறை ரோட்டில் உதவிய அண்ணாவுக்கு

பேரு கூடச் சொல்லாம போயிட்டீங்கண்ணா, ரொம்ப நன்றிங்க. என்னோடது பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தை வெட்டி விடற சின்ன சுவிட்ச்) வெச்ச பழைய புல்லட்டு; பெட்ரோல் வருது, எத்தனை உதைச்சும் எடுக்கல. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி இன்ஜின் ஹெட்டுல ஒட்ட வெச்சு உதைச்சீங்க: பொறி மஞ்சளா, மெலிசா, பலமில்லாம வந்துச்சு. எல்லாரும் மொதல்ல கார்புரேட்டரைத்தான் கழட்டுவாங்க. நீங்க பாயிண்ட் மூடியைத் திறந்தீங்க பாருங்க, அங்கதான் அனுபவம் தெரியுது. பாயிண்ட் பிரியறப்ப நடுவுல பெருசா நீலப்பொறி தெறிச்சா, பாயிண்ட்டோட சேர்ந்த கண்டன்சர் போச்சுன்னு அர்த்தமாம். அது உள்வாங்க வேண்டிய மின்சாரம் பாயிண்ட்லயே பொறியாப் போயிரும். பிளக்குக்கு வோல்டேஜ் ஏத்திக் குடுக்கற காயில்ல வோல்டேஜ் ஏறாது. கண்டன்சரை மாத்தி, கருகின முனையை நைஸ் உப்புத்தாள்ல தேய்ச்சு, பெட்ரோல்ல துடைச்சு, பாயிண்ட் முழுசாத் திறக்கிற இடத்துல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) விட்டு 0.35 மி.மீ. இடைவெளி வெச்சீங்க. ரெண்டாவது உதையில பிடிச்சிருச்சு. ஒரு டீ குடிக்கக் கூட நிக்கலீங்களே!