ஹெரால்டு இன்ஜினைப் பிரிக்கும் முன் அளந்து பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார்களைப் புதுப்பிப்போர் சென்னையில் பெருகிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். அதில் இடம்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் குறித்து, இன்ஜின் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்ஜினைக் கம்பெனி நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி, உள்ளே இருப்பது என்னவென்று அளந்துகூடப் பார்க்காமல், அன்றைய கைவினைஞர்கள் பந்தயத்துக்காகத் தயார்செய்த பாகங்களைக் காயலான் கடைக்கு அனுப்பும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. போனவை திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் அறிமுகமான இந்தக் காரை, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. 63 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 76 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 948 சி.சி. கொள்ளளவு கொண்ட இன்ஜின் அதனுடையது. ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டருடன் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) சுமார் 35 குதிரைத்திறன் தந்த அதே இன்ஜின், இங்கிலாந்தில் விற்ற கூப்பே வகையில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரும் கூடுதல் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) பெற்று 45-ஐ நெருங்கியது. அதன் போரைப் பெரிதாக்கி 1147 சி.சி. ஆக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தினார்கள். இந்த இன்ஜினிடமிருந்து இன்னும் கூடுதல் திறன் வாங்க முடியும் என்பதைச் சென்னை மெக்கானிக்குகளும் அறிந்திருந்தார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய காலத்தில், வெளிநாட்டு உதிரிபாகங்களுக்கு இறக்குமதி உரிமம் கிடைப்பது அரிதாக இருந்ததால், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டை இழைப்பது, வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட்டை மறுபடி கிரைண்ட் செய்வது, ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பது எல்லாம் உள்ளூர் லேத்திலேயே நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்துவிட்டது. சோழவரம் காலத்து இன்ஜின்களில் சில, கைமாறிக் கைமாறிச் சாதாரண வீட்டுக் கார்களில் தங்கிவிட்டன.

இத்தகைய இன்ஜின் இன்றைய பட்டறைக்கு வந்தால் முதலில் நடப்பது கம்ப்ரஷன் சோதனை. கேஜ் குறைவாகக் காட்டியதும், பிஸ்டன் ரிங் போய்விட்டது, ரீபோர் செய்ய (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும் என்று முடிவாகிவிடுகிறது. பந்தயக் கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜினில் இந்த முடிவு பெரும்பாலும் தவறு. அந்தக் கேம், இன்லெட் வால்வைப் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கி வெகுநேரம் கழித்தே மூடும். செல்ஃப் மோட்டார் சுற்றும் மெதுவான வேகத்தில், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியைப் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடுவதால் கேஜ் குறைவாகத்தான் காட்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளைத் தாண்டியதும், வேகமாக வந்துகொண்டிருக்கும் காற்று தன் உந்தத்தாலேயே சிலிண்டரை நிரப்பிவிடும். நான்கு சிலிண்டரும் ஒரே சீராகக் குறைந்திருந்தால், ரீபோர் பேச்சை எடுக்கும் முன் ஒவ்வொரு சிலிண்டரையும், வால்வுகள் இரண்டும் மூடி பிஸ்டன் உச்சிக்கு வந்த மேல் டெட் சென்டரில் நிறுத்தி, பிளக் துவாரத்தின் வழியே காற்றழுத்தம் கொடுத்து, கசிவு எங்கே கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் சத்தம் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு. எங்கும் பெரிய கசிவு இல்லையென்றால் பார்க்க வேண்டியது கேமை.

அதற்கு இன்ஜினை இறக்கவே தேவையில்லை. கிராங்க் புல்லியில் 360 பாகை குறித்த தட்டு ஒன்றும், கேமின் அசைவை மேலே கடத்தும் புஷ்ராடின் தலையில் டயல் கேஜ் ஒன்றும் வைத்துக் கையால் சுற்றி, வால்வு திறக்கும் பாகையையும் மூடும் பாகையையும் குறித்து, கம்பெனிக் கையேட்டோடு ஒப்பிட்டால் போதும். கேம்ஷாஃப்ட் கையில் வந்துவிட்டால், லோபின் (வால்வைத் தூக்கும் புடைப்பின்) பின்பக்க வட்டத்தை மைக்ரோமீட்டரில் அளக்கலாம். மறுபடி கிரைண்ட் செய்த கேமில் அந்த வட்டம் சிறுத்திருக்கும். அதை ஈடுகட்டவே வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கரின் டேப்பெட் திருகு வழக்கத்தைவிடக் கீழே இறக்கி வைக்கப்பட்டிருக்கும்.

ஹெட்டைப் பொறுத்தவரை கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 சி.சி.; கம்ப்ரஷன் விகிதம் 8-க்கு 1 என்றால் பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் மொத்த இடம் 33.9 சி.சி., 8.5 என்றால் 31.6, 9.5 என்றால் 27.9. இவ்வளவு நுண்ணிய வித்தியாசம் அளந்தால்தான் தெரியும். வால்வுகளையும் பிளக்கையும் பொருத்திய ஹெட்டைக் கவிழ்த்துச் சமமாக வைத்து, நடுவே துளையிட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி, பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் இருக்கும் பியூரெட்டால் நிறம் கலந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குமிழி மறையும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். கேஸ்கட்டின் கனத்தால் வரும் இடத்தையும், பிஸ்டன் பிளாக்குக்குக் கீழே நிற்கும் இடத்தையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். நல்ல கைகள் செய்த வேலை என்றால் நான்கு அறைகளும் அரை சி.சி.க்குள் ஒத்திருக்கும். அத்தகைய ஹெட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இன்லெட் வழிகளின் சுவரில் கையால் தேய்த்த எமரியின் கோடுகள்கூட ஒரே திசையில் இருந்தன. ராக்கர் ஷாஃப்ட்டைத் தாங்கும் கால்களின் அடியில் மெல்லிய தகடுகள் இருந்தால், அவற்றைக் குப்பை என்று எறியக் கூடாது. ஹெட்டை இழைத்த அளவுக்குப் புஷ்ராடின் நீளம் மிகுதியாகிவிடுவதைச் சரிக்கட்ட யாரோ கணக்கிட்டு வைத்தவை அவை.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் கார்புரேட்டரிலும் வேலை எளிது, ஏனென்றால் அவற்றில் எழுத்தே இருக்கிறது. லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே தட்டில் பொறித்திருக்கும் எண், அதிகபட்ச அட்வான்ஸ் (பிளக்கின் பொறி முந்தித் தெறிக்கும் அளவு) எத்தனை பாகை என்பதைக் காட்டும். கிராங்கில் அது இரட்டிப்பாகும். பெட்ரோல் வரும் துளையுள்ள சோலெக்ஸ் ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டம், 115 என்றால் 1.15 மி.மீ.; பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்.யூ. ஊசியின் தண்டில் அதன் வகை எழுத்து இருக்கும். இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டால், முன்பு டியூன் செய்தவர் எங்கே நிறுத்தினார் என்பது விளங்கிவிடும்.

பிக்கப் கூட வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதிலிருந்தே வருகிறது. இருக்கும் கேமுக்கும் கம்ப்ரஷனுக்கும் ஏற்ப டைமிங்கையும் கலவையையும் திருத்துவதுதான் முதல் வேலை. பந்தயக் கேமை வைத்துக்கொண்டு ஐடிலிங்கை (கார் நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தை) கம்பெனி சொன்ன சுற்றுக்கு இறக்கினால் இன்ஜின் தடுமாறத்தான் செய்யும். ஐடிலிங்கைச் சற்று ஏற்றி, தொடக்க அட்வான்ஸையும் கூட்டினால் அதே இன்ஜின் சாந்தமாகிவிடும். இரட்டை எஸ்.யூ. இருந்தால், திராட்டில் தண்டின் ஆட்டத்தை முதலில் நீக்கி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடித்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திருகிச் சமன்செய்ய வேண்டும். புதிய பாகம் எதுவும் வாங்காமல் இத்தனையும் செய்து முடித்த காரை ஓட்டிப் பார்த்த பிறகே, வேறு எது தேவை என்று பேசலாம்.

இன்றைய எரிபொருளுக்காகச் சில மாற்றங்கள் கட்டாயம் தேவை என்பதை மறுக்கவில்லை. 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் இல்லை. ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் இரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் சீட் தேய்ந்து உள்ளே இறங்கும். கடின சீட் வளையம் பொருத்தலாம். ஆனால் இழைத்து, வழிகளை அகலப்படுத்திய ஹெட்டில் சுவர் மெலிந்திருக்கும் என்பதால், கனத்தைச் சோதிக்காமல் கட்டர் வைத்தால் தண்ணீர் வழி உடைந்து ஹெட்டே வீணாகும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கூடுதலாக ஏழெட்டு விழுக்காடு எரிபொருள் போக வேண்டும். சுத்த பெட்ரோலில் 115 ஜெட்டால் சரியாக ஓடிய இன்ஜின் ஏறத்தாழ 120 கேட்கும். ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும். கழற்றிய ஜெட்டையும் ஊசியையும் பெயர் எழுதிய உறையில் போட்டுக் காரோடே வைத்திருக்க வேண்டும்.

உரிமையாளர்கள் அவசரப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த சொந்தப் பயன்பாட்டு வாகனங்களை விண்டேஜ் என்று பதிவுசெய்ய, மத்திய அரசு 2021 ஜூலையில் விதி வகுத்தது. சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாநில அளவிலான குழு வாகனத்தைப் பார்த்து முடிவு சொல்லும். அந்தக் குழு இரட்டைக் கார்புரேட்டரைக் கண்டதும் மறுத்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் பலர் அதைக் கழற்றி விற்கிறார்கள். டீசல் இன்ஜினை மாட்டிய ஹெரால்டும், தன் சொந்த 948 சி.சி. பிளாக்கில் அக்காலத்திலேயே டியூன் செய்யப்பட்ட ஹெரால்டும் ஒன்றல்ல. அளவீட்டுக் குறிப்பும் பழைய படங்களும் உள்ள அக்கால மாற்றங்களைப் பெரும் மாற்றமாகக் கருதுவதில்லை என்று தமிழகப் போக்குவரத்துத் துறை எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்த வேண்டும். அந்தத் தெளிவு வரும்வரை, கழற்றிய பாகங்களை விற்றுவிட வேண்டாம் என்று உரிமையாளர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்ஜின் பட்டறைத் தொழிலாளர் (ஓய்வு),
சென்னை.