வி.வி. கிரி என்றால் 1969 மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முன்னாள் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி பற்றி யார் எழுதினாலும் 1969 குடியரசுத் தலைவர் தேர்தலோடு நிறுத்திவிடுகிறார்கள். சுயேச்சையாக நின்றார், இந்திரா காந்தி ஆதரவு, நீலம் சஞ்சீவ ரெட்டி தோற்றார், அவ்வளவுதான். அவர் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர் என்பதை யாரும் பேசுவதில்லை.

நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். எனக்கு அவர் 1954-ல் செய்ததுதான் பெரிது. அப்போது அவர் நேரு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சர். வங்கி ஊழியர் சம்பளத் தகராறில் 1953-ல் சாஸ்திரி அவார்டு (சாஸ்திரி தலைமையிலான தீர்ப்பாயத்தின் தீர்ப்பு) வந்து, அது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், அங்கே கிடைத்த தீர்ப்பை மத்திய அரசே ஊழியர்களுக்குப் பாதகமாக மாற்றியது. கிரி ராஜினாமா செய்துவிட்டார். இத்தனைக்கும் அவர் தீர்ப்பாயங்களை விரும்பியவரே இல்லை, முதலாளியும் சங்கமும் நேரில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும், எதற்கெடுத்தாலும் தீர்ப்புக்குப் போனால் சங்கம் பலமிழந்துவிடும் என்று விடாமல் வாதாடியவர். ஆனாலும் வழக்கு நடந்து முடிந்த பிறகு அரசு கைவைத்ததை அவரால் ஏற்க முடியவில்லை. அப்புறம்தான் அந்த மாற்றத்தை ஆராய கஜேந்திரகட்கர் கமிஷன், அதன் பரிந்துரையை நிறைவேற்ற 1955 சட்டம் எல்லாம்.

இந்தப் பிடிவாதம் திடீரென்று வந்ததல்ல. டப்ளினில் சட்டம் படிக்கப் போய், அயர்லாந்து விடுதலைக்காரர்களோடு சேர்ந்ததால் 1916-ல் வெளியேற்றப்பட்டவர். வங்காள நாகபுரி ரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து 1928-ல் வேலைநிறுத்தம் நடத்தி, நிர்வாகத்தை இறங்கிவரச் செய்தவர். 1937 தேர்தலில் நீதிக்கட்சித் தலைவர் பொப்பிலி ராஜாவை அந்த ராஜாவின் ஊரிலேயே தோற்கடித்து, ராஜாஜி மந்திரிசபையில் தொழிலாளர் அமைச்சரானார். அன்றைக்கு எங்கள் சித்தூர் மாவட்டமும் சென்னை மாகாணம்தான், ஆகவே எங்களுக்கும் அவர்தான் மந்திரி!

இன்று வங்கியிலேயே ஒப்பந்த ஆட்கள் வந்துவிட்டார்கள். சம்பளம் குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, பார்க்க வயிறெரிகிறது. அவர்கள் படிக்க வேண்டியது இந்த ராஜினாமாவைத்தான்.

நகரி, புத்தூர் பக்கம் தமிழ்ப் பத்திரிகை வாங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆகஸ்ட் 10 கிரியின் பிறந்தநாள். அன்று அவருடைய தொழிற்சங்க வாழ்க்கையைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போடுங்கள்.

— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நகரி, ஆந்திரா