வாத்துக் கொட்டகைச் சீரமைப்புப் பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த பணி நிறைவடைந்துவிட்டது. குஞ்சுக் கொட்டகை, வளர்ப்புக் கொட்டகை, முட்டை வாத்துகளின் இரவுக் கொட்டகை ஆகிய மூன்றிலும் இப்போது வாத்துகள் இருக்கின்றன.

கூரையை மாற்றினால் போதும் என்று பலர் சொன்னீர்கள். கூரையையும் மாற்றியிருக்கிறோம். ஆனால் உழைப்பிலும் செலவிலும் பெரும்பகுதி தரைக்கே போனது, அதற்கான காரணத்தை விளக்கியாக வேண்டும். வாத்து நிறையத் தண்ணீர் குடிக்கும், குடிப்பதைச் சுற்றிலும் சிதறும். அதன் எச்சத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர்தான். கோழிக்குத் தரையில் படுக்கையாகப் போட்ட கூளம் தாங்கும் நாட்களுக்கு வாத்தின் கூளம் தாங்காது. நனைந்த கூளத்தில் பாக்டீரியாக்கள் எச்சத்தின் யூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியாவை எழுப்புகின்றன. காற்றில் அது பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்ட விடக்கூடாது என்பது பண்ணைகளில் பொதுவாகக் கொள்ளும் வரம்பு. அதற்கு மேல் போனால் கண் சிவந்து நீர் வடியும், மூச்சுக்குழல் புண்ணாகும், தீவனம் எடுப்பதும் குறையும். நின்றபடி வேலை செய்யும் நமக்கு அந்த நெடி பழகிவிடுகிறது. கூளத்தின் மேலேயே படுத்துறங்கும் பறவைக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை.

பாதத்தின் கதையும் இதே ஈரத்தில்தான் தொடங்குகிறது. வாத்தின் பாதத் தோல் மென்மையானது. ஈரத்தில் ஊறினால் வெடித்துப் புண்ணாகும், புண் வழியே கிருமி புகுந்தால் பாதம் வீங்கும். நடக்க வலிக்கும் வாத்து தீவனத் தொட்டிக்குப் போவதைக் குறைத்துக்கொள்ளும். தீவனத்தை மாற்றிப் பார்த்தும் எடை ஏறவில்லையே என்று கேட்ட உறுப்பினர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

ஆகவே தண்ணீரையும் படுக்கையையும் பிரித்துவிட்டோம். தரையை உயர்த்தி ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்தோம். குடிநீர் கிடைக்கும் இடங்கள் எல்லாம் அந்தத் தாழ்ந்த பக்கத்தில், வழுவழுப்பான சட்டப் பலகைகளின் மேல் இருக்கின்றன. சிதறும் நீர் பலகை இடுக்கு வழியே அடியிலுள்ள வடிகாலில் இறங்கிவிடும். மற்ற இடம் முழுவதும் உலர்ந்த உமி. தரை முழுக்கக் கம்பிவலை போடலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. எச்சம் கீழே விழுந்துவிடும் என்பது உண்மை. பாரம் கூடிய வாத்தின் பாதத்தைக் கம்பி அறுக்கும் என்பதும் உண்மை.

அலகால் தட்டினால் மட்டும் நீர் சொட்டும் நிப்பிள் குழாய் மட்டும் வைத்தால் ஈரமே இருக்காது என்ற கருத்தை நீண்ட நேரம் விவாதித்தோம். வாத்து தலையைத் தண்ணீரில் முக்கித்தான் கண்ணையும் மூக்குத் துளைகளையும் கழுவிக்கொள்கிறது. அதற்கு வழியில்லாவிட்டால் கண்ணோரம் அழுக்கு காய்ந்து ஒட்டும், மூக்கு அடைக்கும். ஐரோப்பிய கவுன்சில் 1999-இல் வளர்ப்பு வாத்துகளுக்கு வகுத்த பரிந்துரையும் தலை முக்கும் அளவு தண்ணீரை வலியுறுத்துகிறது. அதனால் உள்ளே நிப்பிள் குழாயும், வெளியே மேய்ச்சல் முற்றத்தின் கடைசியில் 50 செ.மீ. அகலமும் 15 முதல் 20 செ.மீ. ஆழமும் கொண்ட வாய்க்காலும் அமைத்திருக்கிறோம்.

குஞ்சுகளுக்கு அந்த வாய்க்கால் இப்போதைக்கு இல்லை. தாயிடம் வளராத குஞ்சின் தூவி எளிதில் நனைந்து குளிர் பிடித்துவிடும். முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கும்படி புரூடர் விளக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். இருந்தாலும் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளையே பாருங்கள். விளக்கடியில் அப்பிக்கொண்டால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. மூலைகளை வளைவாக மறைத்ததும் இரவில் மங்கலான விளக்கு விட்டதும் நெரிசலைத் தடுப்பதற்காக. வாத்து எளிதில் மிரளும், மிரண்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் சாகும்.

பக்கச் சுவர்களின் மேல்பாதி வலையாகவும் முகடு திறப்பாகவும் இருப்பதால் சூடும் நெடியும் மேலே போய்விடுகின்றன. வியர்க்காத பறவைக்கு இந்தக் காற்று பெரிய உதவி. காட்டுப் பறவைகள் பறவைக் காய்ச்சலைக் கொண்டுவரக்கூடும், வளர்ப்பு வாத்து நோய்க்குறி காட்டாமலேயே அதைச் சுமக்கவும் கூடும். எனவே முற்றத்துக்கு மேலும் வலை கட்டியாயிற்று.

இடஅளவில் குழு விட்டுக்கொடுக்கவில்லை. இரவுக் கொட்டகையில் வாத்து ஒன்றுக்கு 3 சதுர அடி, முற்றத்தில் 10 முதல் 15 சதுர அடி. முன்பைவிடக் குறைவான வாத்துகளே அடங்குகின்றன என்று சிலர் வருந்துகிறீர்கள். நெருக்கி அடைத்தால் போட்ட உமி மறுநாளே சேறாகும், மேலே சொன்ன அத்தனையும் திரும்பி வரும்.

புதிய கொட்டகையில் வளர்ந்த முதல் தொகுதியில் நொண்டும் வாத்து அரிதாகவே கண்ணில் பட்டது, எடையும் ஒரே சீராக ஏறியது. எங்களுக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி.

வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன, எந்த உறுப்பினரும் பார்க்கலாம். மண் சுமந்தும் சட்டம் இழைத்தும் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி.

வடிகால் சென்று சேரும் குழிக்கு மட்டும் இன்னும் மூடி போடவில்லை. அதுவரை வாத்துகள் அங்கே இறங்காமல் வேலி வைத்திருக்கிறோம். அழுகும் சேற்றில் உருவாகும் போட்டுலிசம் நச்சு கழுத்தைத் துவளச் செய்து கொன்றுவிடும். அந்த வேலியை யாரும் அகற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
சீரமைப்புப் பணிக் குழு