எலியின் வயதைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வார இதழின் ஆண்கள் நலக் கட்டுரையில் ஒரு வரி: வயதானால் ஆணுறுப்பில் கொலாஜன் (திசுக்களைத் தாங்கிப் பிடிக்கும் புரத நார்) குறைகிறதாம், கொலாஜன் பவுடர் சாப்பிட்டால் சரியாகும் என்று எலிகளில் நிரூபித்துவிட்டார்களாம். படித்த கையோடு என் தம்பி போன் செய்தான். "அக்கா, எலியிலேயே பார்த்துட்டாங்களாமே, ஒரு டின் வாங்கிட்டேன்" என்றான். 1,800 ரூபாய்.

ஒரு மருத்துவக் கல்லூரியின் திசுவியல் லேபில் 29 வருடம் வேலை பார்த்தவள் நான். ஆய்வுக்கென்றே வளர்க்கும் விஸ்டார் எலிகளின் விரை, புராஸ்டேட் சுரப்பி, ஆண்குறி எல்லாவற்றையும் பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) கனத்துக்குச் சீவியிருக்கிறேன். மூன்று மாத எலியின் திசு ரிப்பன் ரிப்பனாக வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு வயது என்றால் எலிக்குக் கிழப்பருவம். அதன் திசு பிளேடில் இழுக்கும், கிழியும். மேசன் ட்ரைக்ரோம் சாயம் ஏற்றினால் தசை சிவப்பு, கொலாஜன் நீலம். கிழட்டு எலியின் ஆண்குறி ஸ்லைடில் சிவப்பு மெலிந்து, அந்த இடத்தை நீலம் பிடித்திருக்கும். திசுவுக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் இழைகள் அறுந்து அறுந்து கிடக்கும். அங்கே குறைவது மென்தசை. கொலாஜன் கூடத்தான் செய்கிறது! அந்த இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதால்தான் திசு விரிந்து கொடுக்க மறுக்கிறது. விரையிலும் விந்துக் குழல்களைச் சுற்றியுள்ள சவ்வு தடித்துப்போகும். தோலில் கொலாஜன் குறைவது உண்மைதான், அதற்காக அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டலாமா? அப்புறம், வாயில் போடுகிற கொலாஜன் குடலில் உடைந்து, அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும்தான் ரத்தத்தில் சேரும். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா?

முன்பு புராஸ்டேட் கட்டுரை வந்தபோதும் எழுதினேன். எலியின் புராஸ்டேட் தனித்தனி மடல்களாக இருக்கும், மனிதனுடையது அப்படியில்லை. எலியின் ஆண்குறியில் எலும்பே உண்டு, ஆகவே பார்த்து ஒப்பிடுங்கள் என்று இரண்டு பக்கம். 'பிழையைச் சுட்டிய வாசகிக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தது. பிழை என்னவென்று வரவில்லை. அதற்கும் முன்னால், சுண்டெலிப் படத்தைப் போட்டு வெள்ளெலி என்று எழுதியிருந்தீர்கள். கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே ஆண்மைக் குறைவுக்கு லாட்ஜில் வைத்தியம் என்ற விளம்பரம் வேறு. இத்தனை வருடச் சந்தாதாரர் என்ற உரிமையில்தான் கேட்கிறேன், வீட்டில் ஆண்கள் வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிற விஷயத்தில் இவ்வளவு அலட்சியம் நியாயமா?

ஒரு எலியைக் கிழமாக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு வருடத் தீனி, உமி, கூண்டு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதனால்தான் பல ஆய்வுகள் இரண்டு மூன்று மாத எலிகளோடு முடிந்துவிடுகின்றன. எங்கள் லேபில் ஒரு மாணவி 12 எலிகளை வளர்த்தாள். பொங்கல் அன்றுகூட நாங்கள் இருவரும் போய்த் தண்ணீர் பாட்டில் மாற்றினோம். 24 மாதம் முடியும்போது மிஞ்சியவை ஏழு. அந்த உழைப்பெல்லாம் உங்கள் பக்கத்தில் 'எலிகளில்' என்ற ஒற்றைச் சொல்லாகிவிடுகிறது.

அடுத்த இதழில் இதற்குத் திருத்தம் போடுங்கள். இனிமேல் எலி ஆய்வு என்று எழுதினால், அந்த எலிக்கு எத்தனை மாதம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தம்பிக்கு நான் சொன்னால் ஏறவில்லை, உங்கள் பத்திரிகையில் வந்தால்தான் நம்புவான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், திருச்சி