என் பையில் கிடக்கும் துண்டு

அன்புள்ள தங்கச்சி,

சென்ற செவ்வாய்க்கிழமை, வெளியிலிருந்து வந்த அந்தச் சுகாதார ஆய்வு ஒப்பந்தத்தில் கையொப்பமிட முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். எந்த ஒப்பந்தம், யார் தரப்பு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இதை வேறு பலரும் வாசிப்பார்கள் என்பதால் பெயர்களை எழுதவில்லை. நான் வேலை செய்யும் இடத்தையும் எழுதவில்லை. கடிதத்தை அனுப்பிய பிறகு என் பையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன்.

முந்தைய ஆய்வுக்காக நாம் வீடு வீடாகப் போன காலம். குருமண்வெளியில் பாதையேறி, அதாவது மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவையேறி, மண்டூர்ப் பக்கம் போன நாள் அது. முப்பதாவது வீடோ முப்பத்தோராவது வீடோ நினைவில்லை. திண்ணையில் இருந்த பெத்தாவின் (பாட்டியின்) விரல் நுனியில் நீங்கள் எடுத்த குருதியில் சீனி 276 காட்டியது. எந்நேரம் எடுத்தாலும் 200ஐத் தாண்டினால் நீரிழிவைச் சந்தேகிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நான், அதைப் படிவத்தின் கட்டத்துக்குள் எழுதச் சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெத்தாவோ தன் அடையாள அட்டையோடு சுற்றி வைத்திருந்த பழைய சீட்டொன்றை எடுத்து நீட்டி, "போன வருசமும் இப்பிடித்தான் ஒண்டு தந்தாங்க புள்ள, இதில என்ன கிடக்கு?" என்று கேட்டார். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நீங்கள் ஒரு துண்டுக் கடதாசியில், "சீனி கூட. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போகவேணும்" என்று பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினீர்கள். நான் அதை உங்கள் கையிலிருந்து வாங்கி, மடித்து, என் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த வீட்டார் எல்லோரும் பார்த்திருக்க, "இது எங்கட வேலை இல்லை" என்றேன்.

மன்னித்துவிடுங்கள். இதைச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்தது. ஆனால் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு அனுமதித்தது பரிந்துரைக் கடிதம் ஒன்றைத்தான். அதைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். கடைசிப் பாதையும் போய்விடும் போலிருந்தது. அந்தக் கடிதமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது என்பதை நீங்கள் சொல்லாமலே நானே எழுதிவிடுகிறேன். பெத்தா கிளினிக்குக்குப் போனாரா என்று நான் பிறகு தேடிப் பார்க்கவில்லை.

நீங்கள் நடந்துகொண்டதும் சரியில்லை, தங்கச்சி. உங்கள் வேலை ஒப்பந்தக் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு குறுஞ்செய்தியோடு போய்விட்டீர்கள். பாதிப் படிவங்கள் உள்ளீடு செய்யப்படாமல் கிடந்தன. நான் எடுத்த அழைப்புகளுக்குப் பதில் இல்லை. அந்த ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் வந்ததற்குக் கோபப்பட்டிருப்பீர்கள். நியாயம்தான். என் பெயரும் ஏழாவதாகத்தான் வந்தது என்று சொல்வது சமாதானமாகாது. உங்களுக்கு நிரந்தரப் பதவி எடுத்துத் தர என்னால் முடியவில்லை. பணம் திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகிறது. இதற்கு மேல் இங்கே எழுதுவது எனக்கு நல்லதல்ல.

இங்கே கிழக்கில், வந்தாறுமூலையில் 1986இலிருந்து ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவிலில் 1996இலிருந்து இன்னொன்று. இவ்விரண்டும் இருந்த காலத்திலேயே, இலங்கையின் 2000ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார அளவீட்டில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 1993இலும் அப்படித்தான். 2006–07இல் கிழக்கு சேர்ந்தது. வடக்கு சேர்ந்தது 2016இல்தான். அத்தனை வருடமும் நம் தாய்மாரின் பிரசவமும் பிள்ளைகளின் நிறையும் நாட்டின் சராசரிக்குள் இல்லை. யுத்தத்தைக் காரணம் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் யுத்தம் முடிந்த பிறகும் கேள்விகள் வேறெங்கோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, இங்கே மொழிபெயர்க்கப்பட்டு, விடைகள் மறுபடி வேறெங்கோ போகின்றன. நடுவில் நாம் வாகனமும் ஆளும் கொடுக்கிறோம். மனச்சோர்வைக் கேட்கும் வினாவில் "ஆர்வமின்மை" என்று வாசித்தபோது, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பெண்கள் உங்களைப் பார்த்துச் சிரித்ததும், நீங்கள் "ஒண்டுக்கும் மனம் ஏவுதில்லையா?" என்று கேட்டதும் அவர்கள் அழுததும் எந்த அறிக்கையிலும் இல்லை.

அதனால்தான் மறுத்தேன். தரவு இங்கேயே பகுப்பாய்வு செய்யப்பட வேண்டும், அதற்குப் புள்ளிவிபரவியலாளர் ஒருவரை மூன்று வருடத்துக்கு நியமிக்க வேண்டும், வினாக்கொத்து முதலில் தமிழில் எழுதப்பட வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் முடிவோடு திரும்பிப் போவதற்கான செலவும் நாட்களும் திட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்டேன். கடைசிக் கோரிக்கையைத்தான் அவர்கள் முதலில் வெட்டினார்கள். இங்கே சிலர் என்னோடு இப்போது கதைப்பதில்லை. ஒரு வாகனத்தையும் இரண்டு கணினிகளையும் இழக்கச் செய்தவன் என்று சொல்கிறார்களாம், அதுவும் பொய்யில்லை.

பணமில்லாமலே பழைய பெட்டிகளைத் திறந்து, நான்கு மாணவர்களோடு உள்ளீட்டைத் தொடங்கியிருக்கிறேன். படிவங்களின் ஓரத்தில் நீங்கள் எழுதி வைத்த குறிப்புகள் படிவங்களைவிடப் பயனுள்ளவை. அவற்றைத் தனியாகத் தொகுத்து, உங்கள் பெயரை முதலாவதாகப் போட்டு எழுத விரும்புகிறேன், நீங்கள் சம்மதித்தால். 41ஆம் வீட்டின் ஓரக்குறிப்பு மழையில் ஊறிப் போயிருக்கிறது. "மருமகள் சொன்னது:" என்பது மட்டும் தெரிகிறது. அந்த மருமகள் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா?