கெடுப்பதற்கென்று ஒரு துணி

அன்பு மகளுக்கு,

நைனா எழுதுகிறேன். போன வாரம் தொலைபேசியில், "திரும்பவும் கம்பெனி வேலைக்கே போய்விடட்டுமா நைனா?" என்று நீ கேட்டபோது, உன் குரலில் இருந்த களைப்பைக் கேட்டு எனக்கு உடனே பேச்சு வரவில்லை. அவசரத்தில் இரண்டு தைரிய வார்த்தைகளைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவது உன் கேள்விக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று தோன்றியது. நான்கு நாட்களாக வேலைக்கு நடுவே யோசித்ததை இப்போது எழுதுகிறேன்.

முதலில் சென்னையில் நீ வைத்த கலம்காரித் துணிக் கண்காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று சத்தியவேடு, ஊத்துக்கோட்டை வழியாகப் பேருந்தில் வந்து இறங்கிய நானும் உன் அம்மாவும் மாலை வரை அந்தக் கூடத்தின் பின்சுவரோரம் நின்று, வருகிறவர்கள் எந்தத் துணிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டுத் துணிகளில் ஒன்றுதான் விற்றது, அதுவும் சின்னது. "மரமும் மயிலும் போட்டது இல்லையா?" என்று மூன்று பேர் உன்னிடம் கேட்டதை நானும் கேட்டேன். உனக்கு மனம் விட்டுப்போனது அந்தக் கேள்வியால்தான் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் உன் நகரி ஆயா வீட்டு விசைத்தறிக் கொட்டகையை நீ வரைந்திருந்த நான்காவது துணிக்கு முன்னால் வயதான ஓர் அம்மாள் வெகுநேரம் அசையாமல் நின்றதை நீ பார்க்கவில்லை, நீ அப்போது யாரிடமோ விலை சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தத் துணியில் பாவு நூல்களை நீ வரையவே இல்லை. சுற்றிலும் கருப்பை நிரப்பி, நூல் இருக்க வேண்டிய இடத்தில் துணியின் நிறத்தையே விட்டுவைத்திருந்தாய். நாற்பது ஆண்டுகளாகக் கலம் என்கிற மூங்கில் எழுதுகோலைப் பிடித்துத் துணியில் வரைகிற எனக்கு அப்படிச் செய்யத் தோன்றியதில்லை. அது உன் கண்ணிலிருந்து வந்தது, நான் கற்றுக்கொடுத்ததில் அது இல்லை.

மூன்றாவது துணியைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதில் தறிக்கு முன்னால் நிற்கும் பெண்களின் கண்கள் காதுவரை நீண்டிருந்தன. அவை சீதைக்கும் திரௌபதிக்கும் நாம் போடுகிற கண்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற பெண்ணுக்கு அந்தக் கண் இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்த இடத்தில் உன் கை பயந்து, பழகிய கோட்டுக்குள் போய் ஒதுங்கிக்கொண்டது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என் கை அப்படி ஒதுங்கியே இருபது ஆண்டுகளைக் கழித்தது என்பதால் சொல்கிறேன்.

உனக்கு ஆறு வயதிருக்கும்போது, கொல்லையில் கசிமி என்கிற கறுப்பு இரும்புச் சாறு ஊறும் பானையின் வாயைக் கட்டியிருந்த துணியைக் காட்டி, "இதில் ஏன் மாடு இருக்கிறது நைனா?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். உண்மையை இப்போது சொல்கிறேன். மழை பொய்த்த ஓராண்டில், இந்தப் பக்கத்துக் குடியானவர்கள் தீவனம் இல்லாமல் மாடுகளை வறண்டுபோன பொன்முகலி ஆற்று மணல் வழியாகச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஐந்து மீட்டர் துணியில் அதை வரைந்தேன். சாமி இல்லை, புராணம் இல்லை, சுற்றி பார்டர்கூடக் கிடையாது. பதினெட்டு நாள் வேலை. எனக்கு வழக்கமாக முன்பணம் கொடுக்கும் வியாபாரி அதைப் பார்த்து, "இதை யார் வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள்?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவருக்குத் தெரிந்த சந்தையைச் சொன்னார். ஆனால் நான் அந்த ஒரு கேள்வியோடு துணியைச் சுருட்டி மேலே போட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, பானையை மூடத் துணி வேண்டியிருந்தபோது அதைத்தான் கிழித்தேன். கடுக்காய் ஏறிய துணியில் இரும்புச் சாறு பட்டால் கறுக்கும் என்பது நம் தொழிலின் அடிப்படை அல்லவா? பானையின் ஈரம் பட்டுப் பட்டு, மாடுகள் ஒவ்வொன்றாகக் கருப்புக்குள் போய்விட்டன. நீ கேட்ட அன்று கடைசி இரண்டு மாடுகள்தான் மிச்சம் இருந்தன.

அந்தத் துணி விற்காமல் போனதை நான் தோல்வியாக நினைக்கவில்லை. அதற்கு அடுத்த துணியை வரையாமல் விட்டதைத்தான் தோல்வி என்கிறேன். ஒரே துணியில் என் துணிச்சல் முழுவதையும் வைத்து, அது சோறும் போட வேண்டும், பெயரும் வாங்கித் தர வேண்டும், நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஒரு துணி அவ்வளவு பாரத்தைத் தாங்காது. நீயும் இப்போது உன் எட்டுத் துணிகளின்மேல் அதே பாரத்தை ஏற்றிவைத்திருக்கிறாய்.

எனக்குக் கலம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கஞ்சி போக அலசி, கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்துக் காயப்போட்ட காடாத் துணியில், ஒவ்வொரு முறையும் ஒரு பாகத்தை வெட்டித் தனியே வைப்பார். "இது கெடுப்பதற்கு" என்பார். நாங்கள் இளைஞர்கள் அதை வீண் செலவு என்று நினைத்தோம். புதிய செடியின் வேரைக் கொதிக்கவைத்துப் பார்ப்பதும், படிகாரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதும், இதுவரை போடாத ஓர் உருவத்தைப் போட்டுப் பார்ப்பதும் அந்தத் துணியில்தான். கெட்டால் வருத்தப்பட மாட்டார், நன்றாக வந்தால் துள்ளவும் மாட்டார். பின்னால் எண்ணிப் பார்க்கும்போது, அவருடைய கையில் மட்டும் அறுபது வயதிலும் புதிய கோடு வந்துகொண்டிருந்ததற்கு அந்தத் துண்டுத் துணிகள்தான் காரணம் என்று புரிந்தது. நான் முன்பணக்காரரின் கணக்குக்குப் பயந்து, தொழில் தனியாகத் தொடங்கிய மறுமாதமே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

நீ அதைத் தொடங்கு. மாதத்தில் நான்கு நாட்களையும், அதற்கு வேண்டிய துணியையும் கெடுப்பதற்கென்று ஒதுக்கிவிடு. அந்தத் துணியிடம் காசு கேட்காதே, கண்காட்சிக்கு வருமா என்றும் கேட்காதே. மீதி நாட்களில் வாடகைக்கான வேலையைச் செய். பள்ளிக்கூடங்களில் பயிற்சி வகுப்பு எடு, மரமும் மயிலும் கேட்பவர்களுக்கு அவற்றை நேர்மையாக, நல்ல சாயத்தில் போட்டுக்கொடு. அதில் எந்த இழிவும் இல்லை. உன் ஊரிலேயே இதற்கு முன்னோர் உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் தங்கள் சொந்த ஓவியத்துக்கான நேரத்தை வாங்கிக்கொண்டார்கள். கலைஞன் பட்டினி கிடந்தால்தான் கலை வரும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பட்டினியில் கை எதையும் முயல்வதில்லை, நேற்று விற்ற கோட்டையே இன்றும் போடுகிறது. அதை நான் என் கையிலேயே பார்த்தேன்.

விலையைப் பற்றி நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் உன் விலைச்சீட்டைப் பார்த்தேன். துணி, சாயம், நீ கோடு போட்ட நாட்கள் ஆகியவற்றைத்தான் கணக்கிட்டிருக்கிறாய். அலசிய நாட்கள், வெயிலுக்குக் காத்திருந்த நாட்கள், கெட்டுப்போன துணிகள் எல்லாம் எங்கே? ஐந்தில் ஒன்று கெடுமானால் அதன் செலவு மற்ற நான்கின் விலையில் ஏற வேண்டும். அப்படி ஏற்றாதவரைக்கும் நீ கெடுக்கப் பயந்துகொண்டே இருப்பாய்.

இன்னொன்று, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் உன் வடிவத்தை யாருக்கும் கொடுக்காதே. என்னுடைய கொடிப் பின்னல் ஒன்றை ஒரு வியாபாரி என்னிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கிப் போய், ஸ்கிரீன் அச்சில் புடவை புடவையாக அடித்து விற்றார். பெரிய மனதோடு ஒரு தடவை டீ வாங்கிக் கொடுத்தார். வெகுகாலம் கழித்து, தெரிந்த வக்கீல் ஒருவர் எனக்குச் சட்டத்தை விளக்கினார். வடிவமைப்பாகப் பதிவுசெய்யத் தகுந்த ஒன்றைப் பதிவுசெய்யாமல் விட்டு, நாமோ நம் அனுமதியோடு பிறரோ அதை இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் பொருள்களில் பதித்துவிட்டால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த வடிவத்தின்மேல் நமக்குள்ள பதிப்புரிமை முடிந்துபோகிறதாம். கம்பெனியில் சம்பளத்துக்கு நீ வரைந்தவற்றுக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லையென்றால் கம்பெனிதான் முதல் உரிமையாளர் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே நீ போட்ட வாழைப்பூ வடிவத்தை ஒரு கடையில் பார்த்துவிட்டு வந்து அழுதாயே, அதற்குக் காரணம் இதுதான். இனி நீ வரைவது உன்னுடையது, அதைக் காப்பாற்றிக்கொள்வதும் வேலையின் ஒரு பகுதி.

இப்போது நம் சாயத்தைப் பற்றிச் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். கசிமிக் கோடு விழுந்த நொடியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. எலுமிச்சைச் சாற்றால் ஒரு துளியை மங்கவைக்கலாமே தவிர, ஒரு கோட்டை இல்லாமல் ஆக்க முடியாது. அந்தப் பயம் உனக்குப் பழகிவிட்டது. சிவப்பின் கதை வேறு. சிவப்பு வர வேண்டிய இடத்தில் நாம் பூசுவது படிகாரத் தண்ணீரைத்தான், அதற்கு ஏறக்குறைய நிறமே இல்லை. எங்கே பூசினோம், எங்கே விட்டோம் என்பதைக் கைதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு துணியை ஆறவிட்டு, ஓடும் தண்ணீரில் அலசி, மஞ்சிட்டி வேரோடு கொதிக்கவைத்துக் கழியால் புரட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் சிவப்பு மெல்ல எழுந்து வருகிறது. பூசிய அன்றைக்கே, நிறம் தெரியவில்லை என்று சொல்லித் துணியைத் தூக்கி எறிகிறவன் இந்தத் தொழிலுக்கு வர மாட்டான். உன் கண்காட்சி முடிந்து இன்னும் ஐம்பது நாள்கூட ஆகவில்லை, நீ அதற்குள் துணியைத் தூக்கிப் பார்த்து நிறம் தேடுகிறாய். அந்த அம்மாள் நான்காவது துணிக்கு முன்னால் நின்றது எங்கே போய் என்ன நிறமாக எழும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேலைக்குத் திரும்பலாமா என்ற கேள்விக்கு நேரான பதிலும் சொல்ல வேண்டும். கையில் ஆறு மாத வாடகை இல்லையென்றால் திரும்பிப் போ, நான் அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போதும் மாதத்தில் நான்கு நாள் உன்னுடையதாக இருக்க வேண்டும். வாடகை இருந்தும் அந்த மூன்று பேரின் கேள்விக்காகத் திரும்புகிறாய் என்றால், தயவுசெய்து திரும்பாதே. நான் ஒரே ஒருவரின் கேள்விக்காகத் திரும்பினேன். நாற்பது ஆண்டுகளில் எத்தனை ராமர் பட்டாபிஷேகம் போட்டேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. அவற்றில் நல்லவை உண்டு, அவற்றால்தான் நீ படித்தாய், அதற்காக எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆற்று மணலில் போன அந்த மாடுகளை இன்னும் ஒரு தடவை வரைந்திருந்தால் என் கை எங்கே போயிருக்கும் என்று, தூக்கம் வராத இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன்.

உன் அம்மாவும் நானும் இந்த வாரம் பன்னிரண்டு மீட்டர் காடாவை அலசி, கடுக்காயும் பாலும் ஏற்றிக் காயவைத்திருக்கிறோம். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் மோட்டார் தொட்டியில்தான் அலசினோம், ஆனாலும் நன்றாக வெளுத்திருக்கிறது. பத்து மீட்டரை உனக்கு பார்சலில் அனுப்புகிறேன். அது முழுவதும் கெடுப்பதற்கு. மீதி இரண்டு மீட்டரை எனக்காக வெட்டி வைத்துக்கொண்டேன். துரு இரும்பும் வெல்லமும் போட்டு மூடிய புதிய பானைக்கு இன்றோடு பதினோராம் நாள். நீ அடுத்த மாதம் வரும்போது திறக்கலாம். வரும்போது மூன்றாவது துணியையும் எடுத்துக்கொண்டு வா. நகரிக்குப் போய், இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வரும் நேரத்தில் இரண்டு பேரும் கொட்டகை வாசலில் நின்று அவர்கள் கண்களைப் பார்த்துவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
உன் நைனா